சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

சார்லி சாப்ளினை அறியாதார் நம்மில் எவரும் இல்லை. தொப்பி, கைத்தடி, ஒட்டு மீசை, அளவு மீறிய காலணி என்று கரித்துண்டால் சுவரில் நான்கு கோடு இழுத்தாலே போதும், ‘இது சாப்ளின்’ என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். அதே காலத்தில், அதே ஹாலிவுட்டில், அதே மௌனத் திரையில் அவருக்கு இணையாக நின்ற இன்னொருவர் உண்டு. பஸ்டர் கீட்டன் என்பது அவர் பெயர். தட்டையாக அமுக்கிய தொப்பி. ஐந்தரை அடி உயரம். மலைச்சரிவிலிருந்து பாறைகள் உருண்டு துரத்தினாலும் மாறாத முகம். நம் பக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் ‘யார் அவர்?’ என்றுதான் கேட்கிறார்கள்.

அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தாளத்தில் எழுதுகிறார்கள். உயர்ந்தார், பேசும்படம் வந்தது, வீழ்ந்தார், ஐயோ பாவம்! இந்தத் தாளம் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல அவர் கதையைச் சொல்ல வேண்டும். இடையிடையே என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்றொரு சிற்றூர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அங்கே பிறந்தார். பெற்றோர் ஜோ, மைரா இருவரும் ஊர் ஊராகச் சென்று மேடையேறும் கலைஞர்கள். பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எல்லாம் ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ‘வாடவில்’ என்ற பல்சுவை மேடை அக்காலத்தில் அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றிருந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் ஃபிராங்க். ‘பஸ்டர்’ என்பது பட்டப்பெயர். மேடைக்காரர்களின் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பலத்த விழுகை என்று பொருள். ஒருவர் தம் தொழிலையே பெயராகச் சுமந்தார் என்றால் அது இவர்தான்!

‘மூன்று கீட்டன்கள்’ என்பது அந்தக் குடும்ப நிகழ்ச்சியின் பெயர். அதில் நடந்தது என்ன? தந்தை மகனைக் கண்டிப்பார். மகன் அடங்க மாட்டான். தந்தை மகனைத் தூக்கி எறிவார். உண்மையாகவே எறிவார். மேடையின் பின்திரை மீது, பக்கவாட்டுச் சுவர் மீது, சில வேளை இசைக்குழுவினர் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள். தூக்குவதற்கு வசதியாகப் பையனின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்! குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் பையனின் உடையைக் கழற்றிக் காயம் தேடிப் பார்த்ததைக் கீட்டன் தம் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். எப்படி விழ வேண்டும் என்பதை நடக்கப் பழகும் வயதிலேயே கற்றுக்கொண்டதால் அடிபடவில்லை என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள் இருந்ததாக அவர் சொல்வதுண்டு. அந்தத் தந்தையைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு நம் தெருவில் ஒருவர் அப்படிச் செய்தால் நாமே போய்த் தடுப்போம், தடுக்கவும் வேண்டும்.

ஆனால் அந்த மேடையில்தான் அச்சிறுவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். விழுந்து எழுந்து தான் சிரித்தால் சபை சிரிப்பதில்லை. ஒன்றும் நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டால் கொட்டகையே அதிர்கிறது. ‘கல்முகம்’ என்று பிற்காலத்தில் உலகம் போற்றிய முகம் அப்படிப் பிறந்தது. அதைக் கல் என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அந்தக் கண்களைக் கவனியுங்கள். அவை கணக்குப் போடுகின்றன, ஐயப்படுகின்றன, துணிகின்றன. உதடு மட்டும்தான் அசையவில்லை.

முகத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. ஐந்து வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு என் வலது காது முற்றிலும் கேட்காது. இடது காது பாதி. கருவி ஒன்று மாட்டியிருக்கிறேன். வீட்டில் அதற்குக் ‘காது மிஷின்’ என்று பெயர். எதிரில் இருப்பவர் பேசும்போது பாதிச் சொல் காதால் வரும், மீதியை முகத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வேன். முகம் பார்த்தல் எனக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

திரையரங்குக்குப் போவது எப்போதும் அரைகுறை இன்பம்தான். பின்னணி இசை ஓங்கினால் வசனம் முழுகிவிடும். பாத்திரம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் எனக்கு அங்கே கதையே நின்றுவிடும். அரங்கம் கொல்லென்று சிரிக்கும். நான் பக்கத்தில் இருக்கும் நண்பனின் தொடையைத் தட்டுவேன். அவன் சிரித்து முடித்து, மூச்சு வாங்கி, என் இடது காதில் வசனத்தைச் சொல்வான். அதற்குள் அடுத்த காட்சி பாதி ஓடியிருக்கும். ஆறிப்போன தோசையைத் தின்பதுபோல் ஆறிப்போன சிரிப்பைச் சிரிப்பேன். நண்பன் மனம் நோகக் கூடாதல்லவா?

இன்னொன்றும் உண்டு. விசேஷ வீடுகளில் உறவினர்கள் என்னைப் பார்த்து, “ஐயோ பாவம், புள்ளைக்குக் காது கேக்காதாமே!” என்பார்கள். எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் சொல்வது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எல்லோரும் எனக்கு நன்றாகக் கேட்கும்படிதான் சொல்கிறார்கள்! ‘ஐயோ பாவம்’ என்று முடியும் கதைகளின் மீது எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கீட்டனுக்குத் திரும்புவோம். 1917இல் தந்தையின் குடிப்பழக்கம் எல்லை மீறவே குடும்ப நிகழ்ச்சி கலைந்தது. இருபத்தொரு வயது இளைஞர் நியூயார்க் வந்தார். பெரிய நாடக அரங்கம் ஒன்றில் வாரம் 250 டாலர் சம்பளத்தில் வேலை காத்திருந்தது. அதற்குள் தற்செயலாக ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற பருத்த உடல் கொண்ட நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்பைக் காணச் சென்றார். போனவர் அன்றே நடித்தார். ‘தி புட்சர் பாய்’ என்ற அப்படம்தான் அவருடைய முதல் படம். நடித்ததைவிட முக்கியமான செய்தி, படப்பிடிப்புக் கருவியைக் கேட்டு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டினார் என்பது. உள்ளே பற்சக்கரங்கள் எப்படிச் சுழல்கின்றன என்று தெரிந்துகொண்ட பின் 250 டாலர் வேலையை உதறிவிட்டு, வாரம் 40 டாலருக்குச் சினிமாவில் சேர்ந்தார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

1918இல் முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் படைவீரராகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஈரத்திலும் குளிரிலும் படுத்துக் கிடந்ததில் காதில் நோய் கண்டது. நாடு திரும்பியபோது கேட்கும் திறன் குறைந்திருந்தது. அந்தக் குறை வாழ்நாள் முழுதும் ஓரளவு இருந்தது. நூலகத்தில் இந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1920இல் ஜோசப் ஷென்க் என்ற தயாரிப்பாளர் கீட்டனுக்கென்று தனிப் படநிலையம் அமைத்துக் கொடுத்தார். 1923க்குள் பத்தொன்பது குறும்படங்கள். 1923க்கும் 1928க்கும் இடையில் பத்து முழுநீளப் படங்கள். எழுதி முடித்த திரைக்கதை என்று ஒன்று அவர்களிடம் இருந்ததில்லை. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுப்பகுதி தானே வந்து சேரும் என்பது அவர்கள் முறை. ஒரு காட்சிக்கு வழி தெரியாமல் முட்டி நின்றால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பேஸ்பால் ஆடப் போவார்கள். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது யோசனை உதிக்கும். மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். திரையில் வசனத்தை எழுத்தாகக் காட்டும் அட்டைகள் சாதாரணமாக ஒரு படத்தில் 240 இருக்கும், தம் படங்களில் 56ஐத் தாண்டியதில்லை என்று கீட்டன் பெருமையாகச் சொன்னதுண்டு. சொல்லாமல் காட்ட முடிந்ததைச் சொல்லிக் கெடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவருடைய படத்தை நான் முதன்முதல் பார்த்தது எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில். ஏழு நாள் முகாம். ஐந்தாம் நாள் மாலை ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிள்ளைகளுக்குப் படம் காட்ட ஏற்பாடு. புரொஜெக்டர் வந்து சேர்ந்தது. ஒலிபெருக்கி மட்டும் முனகிவிட்டு அடங்கிவிட்டது. எங்களோடு வந்திருந்த பேராசிரியர் சற்று யோசித்துவிட்டு, “சத்தம் தேவைப்படாத படமாப் போட்டுடுவோம்” என்றார். அவர் போட்டது ‘ஒன் வீக்’, அதாவது ‘ஒரு வாரம்’. 1920இல் வந்த, இருபது நிமிடம் சொச்சம் ஓடும் படம்.

புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு பரிசு வருகிறது. எண்ணிட்ட பெட்டிகளை வரிசையாகப் பிரித்துப் பூட்டினால் வீடு. மணமகள் கிடைக்காத பொறாமைக்காரன் ஒருவன் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். கீட்டன் நம்பிக்கையோடு கட்டுகிறார். வாசற்கதவு மாடியில் இருக்கிறது, திறந்தால் வெட்டவெளி. கூரை ஒரு பக்கம் தொப்பியைச் சாய்த்து வைத்ததுபோல் நிற்கிறது. புயலடிக்கிறது, வீடு பம்பரமாகச் சுழல்கிறது. அதற்கெனச் சுழலும் மேடை மீது உண்மையாகவே கட்டிய வீடு அது. பிறகுதான் தெரிகிறது, மனை மாறிப்போய்விட்டது! இருப்புப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைக்கு வீட்டை இழுத்துப் போகிறார்கள். தண்டவாளத்தின் நடுவில் வீடு மாட்டிக்கொள்கிறது. தூரத்தில் இரயில் வருகிறது. கணவனும் மனைவியும் கண்களைப் பொத்திக்கொள்கிறார்கள். இரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று நாமும் மூச்சு விடுகிற நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வேறோர் இரயில் வந்து வீட்டை நொறுக்கிக்கொண்டு போகிறது. குவிந்து கிடக்கும் பலகைகளின் மேல் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையைக் கீட்டன் வைக்கிறார். இரண்டடி போகிறார். திரும்பி வந்து, கட்டும் முறையை விளக்கும் தாளையும் அதனுடன் செருகிவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

இரண்டாவது இரயில் வந்தபோது எழுந்த சிரிப்பு இருக்கிறதே! முன்வரிசைப் பிள்ளைகள் மண்ணில் உருண்டார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் உலக்கையை ஓங்கியபடியே சிரித்தார். நானும் சிரித்தேன். யாருடைய தொடையையும் தட்டாமல், யாரும் என் காதில் சொல்லாமல், அவர்கள் சிரித்த அதே நொடியில் சிரித்தேன். என் இருபது வயதில் அது முதல் முறை.

அதன்பின் கைப்பேசியிலும் கணினியிலும் அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படத்தில் தண்ணீர்த் தொட்டியின் குழாய் திறந்து வெள்ளம் அவர் மீது கொட்டுகிறது. அவர் தண்டவாளத்தில் விழுந்து எழுந்து ஓடுகிறார். அன்று தலைவலி என்று மட்டும் நினைத்தார். பல ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில்தான், கழுத்தெலும்பு அப்போதே முறிந்து தானாகக் கூடியிருந்தது தெரிந்தது. அந்த விழுகை இன்றும் படத்தில் அப்படியே இருக்கிறது.

‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடிச் சன்னல் திறந்திருக்கிறது. அந்தத் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து அமர்கிறது. அவர் அசையாமல் நிற்கிறார். சுவரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். சுற்றிலும் இருந்த இடைவெளி சில அங்குலம். இதில் ஏமாற்று வேலை ஏதும் இல்லை.

இதை என் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். சுவர் தன் அடியில் கீல் வைத்ததுபோல் சாய்கிறது. அப்படியானால் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கீலை மையமாகக் கொண்ட வட்டத்தில்தான் இறங்க வேண்டும். ஆள் கீலிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம் (இந்த எண் நான் எடுத்துக்கொண்டது). அவர் உயரம் 165 செ.மீ. பிதாகரஸ் தேற்றப்படி கீலிலிருந்து உச்சந்தலை வரை 5.27 மீட்டர். ஆக, சன்னலின் கீழ்ச்சட்டம் 5 மீட்டருக்குச் சற்று முன்னும், மேற்சட்டம் 5.27 மீட்டருக்குச் சற்றுப் பின்னும் இருந்தால் ஆள் பிழைத்தார். ஆளின் முழு உயரத்துக்குச் சன்னல் வேண்டியதில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் கால் ஓர் அடி நகர்ந்தால் கதை முடிந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் போனவருக்குப் பிதாகரஸைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தரையில் ஆணி அடித்து இடத்தைக் குறித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கருதியது ‘தி ஜெனரல்’. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடநாட்டு ஒற்றர்கள் ஓர் இரயிலைக் கடத்திய உண்மை நிகழ்ச்சியை வைத்து, 1926இல் ஒரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊரில் எடுத்தார். எரியும் பாலத்திலிருந்து உண்மையான இரயில் எஞ்சினை ஆற்றில் விழச் செய்தார். அந்த ஒரு காட்சிக்குச் செலவு 42,000 டாலர் என்பர். இரண்டாம் முறை எடுக்க இன்னோர் எஞ்சினுக்கு எங்கே போவது? ஒரே தடவைதான். படம் வெளிவந்தது, திறனாய்வாளர்கள் உதட்டைப் பிதுக்கினர், கூட்டம் வரவில்லை. அதே படம் 1989இல் அமெரிக்க அரசு காத்து வைக்கத் தேர்ந்தெடுத்த முதல் இருபத்தைந்து படங்களுள் ஒன்றாயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படத்தின் நாயகன் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் பக்கத்தவன். மூலநூலை எழுதியவர் வடநாட்டு வீரர். கீட்டன் பக்கத்தை மாற்றிக்கொண்டார். தோற்றவர்களை வில்லன்களாகக் காட்டினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வேறு சில படங்களில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வேடமும் வருகிறது. காலம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். அந்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி அந்த ‘வீழ்ச்சி’. கீட்டன் பெயர் பலகையில் இருந்த படநிலையத்தில் அவருக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. வாரச் சம்பளமும் ஆதாயத்தில் ஒரு பகுதியும்தான். சாப்ளின் தம் படங்களுக்குத் தாமே முதலாளி, கீட்டன் கூலிக்காரர். 1928இல் ஷென்க் நிலையத்தை மூடிவிட்டு, தம் உடன்பிறந்தவர் தலைமையில் இருந்த பெருநிறுவனத்தின் கிளையான மெட்ரோ கோல்ட்வின் மேயருக்குக் கீட்டனைக் கைமாற்றினார். ‘போகாதே’ என்று சாப்ளினும் ஹெரால்ட் லாயிடும் எச்சரித்தார்கள். போனார். தம் வாழ்வின் மிகப் பெரிய தவறு அதுவே என்று பின்னாளில் எழுதினார். எவ்வளவு உயரத்திலிருந்தும் விழத் தெரிந்தவருக்கு ஒப்பந்தப் பத்திரம் படிக்கத் தெரியவில்லை.

முதல் படமான ‘தி கேமராமேன்’ (1928) நன்றாகவே அமைந்தது. ஆளில்லாத விளையாட்டரங்கில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை, எதிரணியும் இல்லை. ஒற்றை ஆளாக ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தை ஆடிக் காட்டுகிறார். பார்த்தால் விடமாட்டீர்கள். அதற்குப் பிறகு பேசும்படங்கள்.

‘ஒலி வந்தது, கீட்டன் ஒழிந்தார்’ என்பது பொதுவான பேச்சு. ஒலியின் மேல் பழி போட என்னைவிடக் காரணம் உடையவன் யார்? ஆனால் சான்றுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர் குரல் ஆழ்ந்த, கரகரத்த, கேட்கத்தக்க குரல்தான். 1929இல் ‘ஸ்பைட் மேரேஜ்’ படத்தையே பேசும்படமாக எடுக்க விரும்பினார். நிறுவனம்தான் மௌனமாக எடுக்கச் சொன்னது. பேசும்படங்கள் நல்ல வசூலும் செய்தன. கொடுமையே அதுதான்! வசூல் வரும்போது ‘இது நன்றாக இல்லை’ என்று எந்த முதலாளியிடம் சொல்வது? திரைக்கதையை வேறு சிலர் மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். பேச்சால் சிரிக்க வைக்கும் ஜிம்மி டுராண்டியைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எலும்பு முறிந்தால் நட்டம் என்று ஆபத்தான காட்சிகளுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அயல்நாட்டுச் சந்தைக்காக ஒரே காட்சியை ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று திரும்பத் திரும்ப நடிக்க வேண்டும். பொருள் தெரியாத சொற்களை ஒலிபெயர்ப்பாக உருப்போட்டுச் சொல்ல வேண்டும். ஆறிப்போன சிரிப்பு எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. அவர் அதைச் சமைத்தே பரிமாற வேண்டியிருந்தது.

பேஸ்பால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வரும் அந்த வேலைமுறையைப் பறித்தார்கள். அவரை முடக்கியது அது. ஒலி அன்று.

குடி பற்றிக்கொண்டது. 1932இல் மணமுறிவு, இரு மகன்களின் குடும்பப் பெயரும் பிறகு தாயின் குடும்பப் பெயராக மாறியது. 1933இல் நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. மலிவுச் செலவில் எடுக்கும் குறும்படங்களில் நடித்தார். பின்பு அதே மெட்ரோ கோல்ட்வின் மேயருக்கு வாரம் 100 டாலர் சம்பளத்தில், மற்ற நடிகர்களுக்குச் சிரிப்புக் காட்சி யோசித்துத் தரும் ஆளாகத் திரும்பி வந்தார். ‘ஐயோ பாவம்’ எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் கைக்குட்டையை எடுக்கிறார்கள்.

நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். 1940இல் எலினார் நாரிஸ் என்ற நடனக் கலைஞரை மணந்தார். அந்த மணவாழ்வு இறுதிவரை நீடித்தது. 1947இல் பாரிசில் மெத்ரானோ சர்க்கஸில் இறங்கி ஐம்பத்திரண்டாம் வயதை ஒட்டி மீண்டும் விழுந்து காட்டினார். 1949இல் ஒரு படத்தில் வயலின் ஒன்று நம்பும்படியாகவும் சிரிக்கும்படியாகவும் உடைய வேண்டும், வழி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எப்படி விழுந்தால் எப்படி உடையும் என்று செய்து காட்டினார். பார்த்த இயக்குநர், இதை வேறு எவராலும் செய்ய முடியாது என்று அவருக்கே அந்தப் படத்தில் ஒரு வேடம் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளர் ‘லைஃப்’ இதழில் மௌனப்பட நகைச்சுவையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி அவர் பெயரை நாட்டுக்கு நினைவூட்டினார். 1952இல் சாப்ளினின் ‘லைம்லைட்’ படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். அவருடைய பழைய மாளிகையைப் பின்னாளில் வாங்கிய ஜேம்ஸ் மேசன் என்ற நடிகர், அங்கே பூட்டிக் கிடந்த அறையில் கீட்டன் படச்சுருள்களைக் கண்டெடுத்தார். அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள் தானே மட்கிப் பொடியாகும் தன்மையது. இன்னும் சில ஆண்டு விட்டிருந்தால் நாம் பார்க்க ஒன்றும் இருந்திராது.

1957இல் அவர் வாழ்க்கையையே ஒரு படமாக எடுத்தார்கள். உண்மை குறைவு, கண்ணீர் மிகுதி. அதற்குத் தந்த பணத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? புறநகரில் ஒரு வீடு வாங்கி, தோட்டம் போட்டுக் கோழி வளர்த்தார்! உலகம் தம்மேல் கொண்ட இரக்கத்தை விற்று வீடு வாங்கிய மனிதரைப் பார்த்து யார் இரங்குவது? 1960இல் வெளிவந்த தன்வரலாற்றில், தாம் நல்வாய்ப்புப் பெற்ற மனிதர் என்றுதான் எழுதினார். அதே ஆண்டு சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி முதல் நாள், நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது எழுபது.

அதற்கு ஒன்றேகால் ஆண்டு முன்பு, 1964 இலையுதிர் காலத்தில், கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ‘தி ரெயில்ராடர்’ என்ற குறும்படத்தில் நடித்தார். இருப்புப்பாதைப் பணியாளர் செல்லும் சிறு எஞ்சின் வண்டியில் ஒரு கிழவர் கனடாவைக் குறுக்கே கடக்கிறார், அவ்வளவே கதை. வண்ணப்படம், 1965இல் வெளிவந்தது, ஆனால் ஒரு வசனம்கூடக் கிடையாது. படப்பிடிப்பையே பதிவு செய்த இன்னொரு படமும் உண்டு. அதில் உயரமான பாலம் ஒன்றின் மேல் எடுக்கும் காட்சி பற்றி அவருக்கும் இளம் இயக்குநருக்கும் வாக்குவாதம். பிரித்த நிலப்படம் காற்றில் தன் உடம்பெல்லாம் சுற்றிக்கொள்ள, எங்கே போகிறோம் என்று தெரியாமலே பாலத்தைக் கடக்க வேண்டும் என்கிறார் கீட்டன். அறுபத்தொன்பது வயதுக்காரர் கீழே விழுந்துவிடுவாரோ என்று இயக்குநர் அஞ்சுகிறார். கீட்டன் விடவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே எடுத்தார்கள்.

சென்ற வாரம் விடுதி அறையில், காது மிஷினைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, அந்தப் படத்தை நான்காம் முறையாகப் பார்த்தேன். பாலத்தின் மேல் வண்டி போகிறது. அதில் ஆள் தெரியவில்லை. படபடக்கும் பெரிய தாள்தான் தெரிகிறது. அடியில் பள்ளத்தாக்கு. அக்கரை சேர்ந்ததும் தாளை உதறி, மடிப்பு மாறாமல் மடிக்கப் பார்க்கிறார்.